ஒரு காகித கனம்

காற்று பட்டால் கன்னம் வலிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? முதல் இரண்டு மாதம் அவள் கணவனே நம்பவில்லை. மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் நிறுத்துவான், ஆனால் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்துவான். ஒருநாள் காலை முகம் கழுவப் போனவள், வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. கத்துவதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று கொட்டியது. அன்றைக்குத்தான் அவன் நம்பினான்.

வலி வந்தால் சில நொடிதான் இருக்கும். தாடையில் மின்சாரக் கம்பியை வைத்து எடுத்தாற்போல ஒரு வெட்டு, அப்புறம் ஒன்றுமில்லை. ஆனால் அது போன பிறகும் போகாத தொல்லைகள் வேறு இருந்தன. காதுக்குள் ஓயாத ரீங்காரம், நெற்றிப்பொட்டில் கனம், சட்டென்று எழுந்தால் தலைசுற்றல், கழுத்திலிருந்து தோள் வரை கயிறு போட்டுக் கட்டியது போல் இறுக்கம். அவள் ஒரு தையற்கூடத்தில் துணி வெட்டுபவள். பத்துப் பேர் தைக்க, அவள் ஒருத்தி வெட்டுவாள். துணியில் கோடு போட்டால் இரண்டாம் முறை அளக்க மாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு இப்போது ஒரு கோடு போட மூன்று முறை கண்ணை மூடித் திறக்க வேண்டியிருந்தது.

காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார். கண் டாக்டர் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார். இன்னொருவர் மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் மனது லேசாகத்தான் இருந்தது, தலைதான் கனமாக இருந்தது. கடைசியாக நரம்பு டாக்டரிடம் போனார்கள். அவர் கொடுத்த மாத்திரையில் வலி பாதி குறைந்தது, விழிப்பும் பாதி குறைந்தது. அந்த மயக்கத்தில் ஒரு கோட்டுச் சட்டையின் வலது கைத்துணியை நாலு விரல் கட்டையாக வெட்டிவைத்தாள். முதலாளியம்மா திட்டவில்லை. "நல்லா ஆகிட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

இத்தனை டாக்டர்களிடமும் பேசியது அவள் கணவன்தான். பேசினால் அவளுக்கு வலி வந்துவிடும் என்பதால் அவளுக்கும் சேர்த்து அவனே வாயாக இருந்தான். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், "போன வருஷம் மழை சமயத்துல, டாக்டர்" என்பான். எப்படி வலிக்கிறது என்று கேட்டால் அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டது.

"ஸ்கேன்ல ஒரு சின்ன ரத்தக்குழாய் முகத்துக்குப் போற நரம்பு மேல சாஞ்சிருக்கு" என்றார் நரம்பு டாக்டர். "சில பேருக்கு அது சும்மாவே அப்படி இருக்கும். இவங்களுக்கு மாத்திரையும் முழுசா கேக்கல, அதனால அதுதான் காரணமா இருக்கணும். ஊசி வழியா நரம்போட வேரைச் சுட்டுடலாம்."

"சுட்டா?"

"வலி போயிடும். அந்தப் பக்கம் உணர்ச்சியும் போயிடும். கன்னம், உதடு, பாதி நாக்கு. பல் டாக்டர்கிட்ட மரக்க ஊசி போட்டா இருக்குமே, அந்த மாதிரி. ஆனா அது எப்பவும் இருக்கும். பழகிக்கலாம்."

அடுத்த வியாழக்கிழமை என்று நாள் குறித்துக் கொடுத்தார். திரும்பும்போது காரை ஓட்டியது அவள் தம்பி. பாதி வழியில் அவள் இடது பக்க உதட்டை மட்டும் அசைத்து, "ஏங்க, உதட்டுல சோத்துப் பருக்கை ஒட்டிக்கிட்டிருந்தாக்கூட எனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

"அதுக்குத்தான் அத்தான் இருக்காரே, தொடச்சு விட" என்றான் தம்பி. சிரிப்புக் காட்டத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

சுட்ட நரம்பை மறுபடி ஒட்டவைக்க முடியாது. வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் முகத்தில் பாதி அவளுக்குச் சொந்தமில்லை. கணவனும் மனைவியும் அதைத் தெரிந்தேதான் தலையாட்டிவிட்டு வந்திருந்தார்கள். அந்த வலியைத் தினம் பார்த்தவன் தலையாட்டாமல் என்ன செய்வான்?

அவனுக்குச் சிற்பி என்று பட்டப்பெயர். கல் கொத்துகிற சிற்பி இல்லை, பல் செய்கிறவன். பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் தன் பட்டறையில் அதில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி எடுத்து, பல் செட்டோ, உடைந்த பல்லின் மேல் மாட்டுகிற பீங்கான் கேப்போ செய்து திருப்பி அனுப்புவான். அவன் செய்த பல்லை வாயில் வைத்தால் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது என்று இரண்டு தெரு தள்ளியிருக்கும் பல் டாக்டர்தான் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தார். கை எவ்வளவு நல்ல கையோ வாய் அவ்வளவு பொல்லாத வாய். அச்சு சரியில்லை என்றால் டாக்டரென்றும் பார்க்காமல் உடனே ஃபோனை எடுத்துவிடுவான். "டாக்டர், இது அச்சா, இல்ல மாவு பிசைஞ்சு அனுப்பிச்சீங்களா?" என்பான். வேலை சுத்தம் என்பதால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கட்டிக்கொள்வார்கள்.

பதினாலு மாதத்துக்கு முன் மனைவிக்கும் அவன் ஒரு பல் செய்தான். வலது கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, வேலை நெருக்கடி அது இது என்று இரண்டு வருடம் அவள் அதை அப்படியே போட்டுவைத்திருந்தாள். ஒருவழியாக அந்தப் பல் டாக்டரிடமே இழுத்துக்கொண்டு போய் வேர் சிகிச்சை செய்து, கேப் போட அச்செடுத்தார்கள். டாக்டர் கீழ்த்தாடைக்கு அச்செடுத்து முடித்து மேல்தாடைக்கு அச்சுத்தட்டை எடுத்தபோது சிற்பி கையமர்த்தினான்.

"மேல் வரிசை வேண்டாம் டாக்டர். என்கிட்ட இருக்கு."

அவனிடம் இருந்தது, பொய்யில்லை. கல்யாணமான வருடம், தொழில் படிந்துகொண்டிருந்த சமயத்தில், பழகுவதற்காக அவள் வாயில் எடுத்த அச்சின் பிளாஸ்டர் மாதிரி. அதைப் பட்டறை அலமாரியில் மேல்தட்டில் வைத்திருந்தான். எத்தனையோ ஆயிரம் வாய்களைத் தூக்கிப் போட்டிருக்கிறான், அதை மட்டும் போடவில்லை. அந்த இருபத்துநாலு வயது வாய்க்கு எதிரே வைத்துத்தான் அந்தக் கேப்பைச் செதுக்கினான். மூன்று நாள் செதுக்கினான். மேடும் பள்ளமுமாக, ஓரத்தில் மெல்லிய மஞ்சள் ஓடவிட்டு, உண்மைப் பல்லே வெட்கப்படும்படி செய்தான். மாட்டிய அன்று அவள் வாயைத் திறக்கச் சொல்லி மைத்துனனுக்குக் காட்டினான். வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு ஃபோனில் படம் பிடித்து அனுப்பினான். பக்கத்துக் கடைக்காரருக்கும் காட்டியிருப்பான், அவள்தான் முறைத்துத் தடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஊசிக்கு மயக்க மருந்து கொடுக்கப்போகிற டாக்டர் திங்கட்கிழமை ஃபோன் செய்தார். சுடும்போது சில பேர் மயக்கத்திலேயே நறநறவென்று கடித்துப் பல்லை உடைத்துக்கொள்கிறார்கள், ரப்பரில் ஒரு பல் கவசம் செய்து கொண்டுவந்துவிடுங்கள், நீங்கள் அந்தத் தொழில்தானாமே என்றார். அன்று மத்தியானமே சிற்பி வீட்டில் வைத்து அச்செடுத்தான். அவளால் இரண்டு விரல் அளவுக்குத்தான் வாய் திறக்க முடிந்தது. மேல் வரிசையும் கீழ் வரிசையும் எடுத்து முடிப்பதற்குள் மூன்று முறை வலி வெட்டியது. ஒவ்வொரு முறையும் அவன் மணிக்கட்டை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

செவ்வாய் காலை பட்டறையில் அந்த இரண்டு மாதிரிகளையும் சட்டத்தில் ஏற்றினான். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கதவுக் கீல் போலச் சேர்த்துத் திறந்து மூடிப் பார்க்கிற பித்தளைச் சட்டம் அது. ஏற்றிவிட்டு மூடினான். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லாப் பல்லும் சேர்ந்து மூடினால் அப்படிக் கேட்காது. குனிந்து பார்த்தான். ஜன்னல் வெளிச்சம் பல் வரிசைக்கு நடுவே மெல்லிய கோடாகத் தெரிந்தது. மேல் வரிசை முழுதும் ஒரே ஒரு பல்லின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. அது அவன் செய்த பல்.

மெல்லிய தாளைக் கீற்றாக வெட்டிப் பற்களுக்கு நடுவே வைத்து இழுத்தான். எல்லா இடத்திலும் தாராளமாக வந்தது. அந்தப் பல்லில் மட்டும் பிடித்துக்கொண்டு கிழிந்தது. பிளாஸ்டரில் குமிழி இருக்குமோ என்று பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினான். குமிழி இல்லை. அச்சு எடுத்தவன் சரியாக எடுக்கவில்லை என்று சொல்லலாமென்றால் எடுத்தவனும் அவன்தான். திட்டுவதற்கு ஃபோனை எடுத்தால் யாருக்குப் போடுவது?

அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய மாதிரியை இறக்கி, நேற்று எடுத்த மேல் வரிசையின் பக்கத்தில் வைத்தான். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. கீழே பல் உடைந்து கிடந்த இரண்டு வருடத்தில், எதிரே முட்டுக்கொடுக்க ஆளில்லாத மேல் பல் இறங்கியிருந்தது. எதிர்ப் பல் இல்லாத பல் இறங்கும். தொழிலில் நேற்று வந்தவனுக்குக்கூடத் தெரியும். "பழைய அச்சை அனுப்பாதீங்க டாக்டர், வாய் என்ன சுவரா, அப்படியே நிக்கிறதுக்கு?" என்று எத்தனை பேரை அவனே காய்ச்சி எடுத்திருக்கிறான். பதினாலு மாதத்துக்கு முன் அவள் வாயில் இருந்த பல் வேறு, அவன் அலமாரியில் வைத்திருந்த பல் வேறு. அவன் அலமாரியில் இருந்ததற்குச் செய்துவிட்டான். ஒரு காகித கனம் உயரம். மிஞ்சிப்போனால் இரண்டு.

ஒரு நாளில் மனிதன் எத்தனை முறை எச்சில் விழுங்குகிறான், எத்தனை முறை வாயை மூடுகிறான்? ஒவ்வொரு முறையும் அவள் தாடை அந்த ஒற்றைப் பல்லில் இடித்து, ஒதுங்கி, கோணலாகப் போய் மூடியிருக்கிறது. காதுக்கு முன்னால் இருக்கிற தாடைக் கீல், நெற்றிப்பொட்டுத் தசை, கழுத்து எல்லாம் பதினாலு மாதமாக அந்தக் கோணலைச் சுமந்திருக்கின்றன. சிற்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

உட்கார்ந்தவனுக்கு நல்ல எண்ணம் மட்டும்தான் வந்தது என்று சொன்னால் பொய். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டருக்குத் தெரியாததா என்று ஒரு எண்ணம் வந்தது. கவசத்தைச் செய்து கொடுத்துவிட்டால் நாளை மறுநாள் நரம்பைச் சுட்டுவிடுவார்கள், வலி போய்விடும், எந்த வலி எதனால் வந்தது என்று ஒருத்தருக்கும் தெரியவேண்டியதில்லை என்று இன்னொன்று வந்தது. வெட்கக்கேடான எண்ணம்தான். ஆனால் அது வந்தது, உடனே போகவும் இல்லை. கவசத்துக்கான ரப்பர் தகட்டை எடுத்துச் சூடுகூடப் பண்ணிவிட்டான்.

அவள் துணி வெட்டும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வாள். வலது கடைவாய் ஓரத்தில் ஐந்தாறு ஊசி இருக்கும், கை பாட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தும். கல்யாணமான நாளிலிருந்து அவன் பார்க்கிற காட்சி. உதடு மரத்துப்போனவள் எப்படி ஊசி கவ்வுவாள்? ஒன்று உள்ளே நழுவினாலும் தெரியாதே. சிற்பி அடுப்பை அணைத்தான். மாதிரிகள் ஏற்றிய சட்டத்தையும் பழைய மாதிரியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இரண்டு தெருவையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தான்.

பல் டாக்டர் சட்டத்தைத் திறந்து மூடிப் பார்த்தார். தாளை வைத்து இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அன்னைக்கு நீங்க ஒரு தடவை காகிதம் வெச்சுப் பாத்திருந்தா" என்று ஆரம்பித்தான் சிற்பி. கேப்பை மாட்டியதும் நீலக் காகிதத்தைக் கடிக்கவைத்து, மை எங்கே அழுத்தமாகப் பதிகிறது என்று பார்ப்பதுதான் முறை.

"வெக்கலாம்னு எடுத்தேன். என் வேலைக்கே காகிதமான்னு கேட்டுச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்." டாக்டர் சட்டத்தை மூடி வைத்தார். "வெச்சிருக்கணும். நீங்க என்ன சொல்லியிருந்தாலும் வெச்சிருக்கணும். அவங்களுக்கு வாய் மரத்திருந்தது, அவங்களாலயும் சொல்ல முடியல. என் தப்புதான்."

சண்டை போடுகிற மாதிரி வந்த சிற்பி பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்" என்றார் டாக்டர். "பல்லுக்கும் முகத்துக்கும் தலைக்குள்ள இருக்கிற சவ்வுக்கும் ஒரே நரம்புதான் போகுது. எங்க கெட்டாலும் எங்க வேணும்னாலும் வலிக்கும். நிஜமாவே நரம்பு வலியாவும் இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆனா சுடறதுக்கு முன்னாடி இதை இறக்கிப் பாக்காம விடறது பாவம். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. போய் அவங்ககிட்டச் சொல்லுங்க."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"நீங்கதான் சொல்லணும்."

வீட்டில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய சட்டை ஒன்றிலிருந்து பித்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்கத் தெரியாத கை. அவன் எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னான். பழைய மாதிரியை வைத்துச் செய்ததைச் சொன்னான், பல் உயரம் என்றான், எல்லாமே அதனால்கூட இருக்கலாம் என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, கையிலிருந்த சட்டையைத்தான் பார்த்தான்.

"சொன்னேனே" என்றாள் அவள்.

"என்னது?"

"போட்ட மறுநாளே சொன்னேன். நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பல்லுதான் முதல்ல தட்டுதுன்னேன். புதுச் செருப்பு மாதிரி, போகப் போகச் சரியாயிடும்னீங்க." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஒரு வாரம் கழிச்சு மறுபடி சொன்னேன். இருபத்தஞ்சு வருஷமா இதே தொழில், எனக்குத் தெரியாதான்னு..."

வலி வெட்டியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவன் எழுந்தான். மற்றக் கையால் உட்கார் என்று காட்டினாள். உட்கார்ந்தான். அவனுக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்ததும் ஞாபகமில்லை, செருப்பு என்று சொன்னதும் ஞாபகமில்லை. சொல்லியிருப்பான். அதுதான் அவன் பேசுகிற பேச்சு.

"டாக்டருங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றான்.

"நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க?"

அதற்கு மேல் அவள் பேசவில்லை. வலிக்கும் என்பதற்காக அல்ல, கோபம். பதினாலு மாதத்துக் கோபம். அதைச் சொல்லித் தீர்க்கவும் வாய் ஒத்துழைக்காத கோபம். மறுநாள் காரில் தம்பிக்குப் பக்கத்தில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சிற்பி பின்னால் தனியாக உட்கார்ந்து வந்தான்.

பல் டாக்டர் மரக்க ஊசியை எடுத்ததும் அவள் தலையை அசைத்தாள்.

"வேண்டாம்."

"தேய்க்கற அதிர்வுல வலி கிளம்பிடும்மா. தாங்காது."

"மரத்துப்போச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும், இறங்கிடுச்சா இல்லையான்னு?"

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொன்னார். மை அந்தப் பல்லில் மட்டும் திட்டாக ஒட்டியிருந்தது, மற்ற இடமெல்லாம் வெள்ளை. தண்ணீர் பீய்ச்சாமல், மெதுவாக, தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். இரண்டு முறை வலி வந்தது. இரண்டு முறையும் அவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தானாகவே மறுபடி வாயைத் திறந்தாள். சிற்பி சுவரோரமாக நின்றிருந்தான். மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கிய மேடுகள் பொடியாகப் பறந்தன. அதைப் பற்றி அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் ஏன் இந்த முறை தன் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை என்பதுதான் வருத்தமாக இருந்தது. பீங்கான் தேய்ந்து அடியிலிருந்த உலோகம் சாம்பல் நிறத்தில் தெரிந்தபோது மை எல்லாப் பல்லிலும் சமமாகப் பதிந்தது.

மந்திரம் போட்டாற்போல ஒன்றும் நடந்துவிடவில்லை. அன்று சாயங்காலமும் வலி வந்தது. நரம்பு டாக்டரிடம் இந்த முறை அவளே ஃபோனில் பேசினாள். நிறுத்தி நிறுத்தி, இடையில் ஒரு தடவை ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டு வலி அடங்கியதும் எடுத்துப் பேசினாள். அவருக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. "ஊசியைத் தள்ளி வைக்கறேன், ஆறு வாரம் பாருங்க. மாத்திரையை விட்டுடாதீங்க. குறையலைன்னா வாங்க, நான் எங்கயும் போயிடமாட்டேன்" என்றார்.

இரண்டாவது வாரம் கழுத்து இளகியது. மூன்றாவது வாரம் தலைசுற்றல் நின்றது. நான்காவது வாரம் ஒரு காலையில் அவள் குழாயடியில் போய் நின்று, இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி, கொஞ்சம் தயங்கி, முகத்தில் அடித்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அடித்தாள். அடுக்களை வாசலில் நின்று பார்த்த சிற்பிக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவெல்லாம் இல்லை, நின்றபடியே அழுதான். அவள் ஈர முகத்தோடு அவனைக் கடந்து போகும்போது, "சட்டையில மூக்கைத் துடைக்காதீங்க" என்றாள். ஒரு மாதத்தில் அவனிடம் அவளாகப் பேசிய முதல் பேச்சு அது.

ஆறாவது வாரம் நரம்பு டாக்டர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு ஊசியை ரத்து செய்தார், மாத்திரையையும் படிப்படியாகக் குறைத்தார். காதில் ரீங்காரம் மட்டும் நிற்கவில்லை. அது நிற்காமலே போகலாம் என்றார். பதினாலு மாதத்தில் போனதெல்லாம் திரும்பி வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தையற்கூடத்துக்குப் போக ஆரம்பித்தவள், இயந்திரச் சத்தத்தில் ரீங்காரம் அவ்வளவாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

உலோகம் தெரிகிற கேப்பை அப்படியே விடக்கூடாது, புதிதாகப் போட வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னார். சிற்பி, "வேற பட்டறைக்கு அனுப்பிடுங்க டாக்டர், நல்ல ஆளு ஒருத்தர் இருக்காரு" என்றான். அவள் இருவரையும் பார்த்துவிட்டு, "இவரே செய்யட்டும்" என்றாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, கேட்கிற தைரியம் அவனுக்கும் இல்லை. இந்த முறை மேலும் கீழும் புது அச்சு எடுத்தார்கள். அவன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டான்.

புதுக் கேப்பை மாட்டிய அன்றும் அவள் மரக்க ஊசி வேண்டாமென்றாள். டாக்டர் நீலக் காகிதத்தை வைத்தார். கடித்தாள். மை எல்லாப் பல்லிலும் ஒரே சீராகப் பதிந்திருந்தது. டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்து, "அற்புதம். கடுகளவுகூட வித்தியாசமில்ல" என்றார்.

அவள் வாயை மூடினாள். மெல்ல இடது பக்கம் நகர்த்திப் பார்த்தாள், வலது பக்கம் நகர்த்திப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள்.

"உயரமா இருக்கு" என்றாள்.

டாக்டர் மறுபடி காகிதத்தை வைத்தார். மறுபடியும் சீராகத்தான் இருந்தது. தாளை இழுத்துப் பார்த்தார், எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் வந்தது. சிற்பியும் குனிந்து பார்த்தான். அவன் கண்ணுக்கு அந்தப் பல்லில் ஒரு குறையும் தெரியவில்லை. வாழ்நாளில் அதைவிடச் சரியாக அவன் ஒரு பல் செய்ததில்லை. தேய்த்தால் அந்த மெருகு போய்விடும், மறுபடி வராது.

டாக்டர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தார். அவன் வேண்டாமென்றால் வைத்துவிடுவார் என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

"என்னை ஏன் பாக்கறீங்க டாக்டர்?" என்றான் சிற்பி. "அவளைக் கேளுங்க."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். அவள் இன்னொரு தரம் கடித்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை. இரண்டு ஆண்களும் காத்து நின்றார்கள்.

"இறக்குங்க" என்றாள். "சரியாச்சுன்னா நானே சொல்றேன்."